பிறர் காணிக்குள் வழிவிடும் வரைபடம்

முப்பத்திரண்டு வருடம் நான் பார்த்தது கோடு போடுகிற வேலை. இது இவருடைய காணி, அது அவருடைய காணி, நடுவில் எல்லைக்கல். குச்சவெளியிலிருந்து வெருகல் வரை, திருகோணமலை மாவட்டத்தில் நான் அளக்கப் போகாத ஊர் குறைவு. நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்று இப்போது நாலு வருடம் ஆகிறது. போன செப்டெம்பரில் மகளிடம் இங்கிலாந்துக்குப் போயிருந்தேன். அவள் பிரைட்டனில் தாதியாக வேலை செய்கிறாள். போய் இறங்கிய மறுநாள் காலை, தேத்தண்ணியோடு மடித்த தாள் இரண்டையும் மேசையில் கொண்டுவந்து வைத்தாள்.

"அப்பா, இது உங்களுக்குத்தான். சட்டை, சப்பாத்து வாங்கித் தந்தால் அலுமாரிக்குள்தானே வைப்பீர்கள்" என்றாள்.

அந்தத் தாள்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். பிரித்தானிய அரசின் நில அளவை நிறுவனமான ஓர்ட்னன்ஸ் சேர்வேயின் எக்ஸ்புளோரர் வரைபடங்கள். ஒன்று ஓ.எல். 11, பிரைட்டன் பக்கம். மற்றது ஓ.எல். 25, ஈஸ்ட்போர்னும் பீச்சி ஹெட் மலை முனையும். செம்மஞ்சள் அட்டை போட்டது. இரண்டும் சேர்த்து இருபத்தைந்து பவுண் அளவில் வந்தது, நம் காசில் பத்தாயிரம் ரூபாய். ஒரு காகிதத்துக்கு ஐயாயிரமா என்று முதலில் எனக்கும் மனம் கேட்கவில்லை. மூன்று நாள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்த பிறகு அந்தக் கேள்வி போய்விட்டது.

அளவுத்திட்டம் 1:25,000. நாலு சென்ரிமீற்றருக்கு ஒரு கிலோமீற்றர். எங்கள் திணைக்களத்தின் பழைய ஓர் அங்குலத் தாளில் ஒரு மைலுக்கு ஓர் அங்குலம், அதாவது 1:63,360. அதே ஒரு கிலோமீற்றர் அந்தத் தாளில் ஒன்றரைச் சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். இந்தக் கணக்கை ஏன் சொல்கிறேன் என்றால், எக்ஸ்புளோரரில் ஒவ்வொரு வயலின் வேலியும் மெல்லிய கறுப்புக் கோடாகத் தெரிகிறது. அதே நிறுவனம் இளஞ்சிவப்பு அட்டையில் லாண்ட்ரேஞ்சர் என்று 1:50,000 வரைபடமும் விற்கிறது. அதில் வயல் வேலிகள் இல்லை. சைக்கிளிலோ காரிலோ போகிறவருக்கு அது போதும். நடக்கிறவருக்கு வேலிதான் உயிர். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மேசையில் விரித்ததும் என் கண் போனது பச்சைக் கோடுகளுக்கு. விட்டுவிட்டு ஓடும் கோடுகள். குட்டையாக இருந்தால் நடப்பவர்களுக்கான பாதை. நீளமாக இருந்தால் குதிரைக்காரருக்கும் சைக்கிள்காரருக்கும் சேர்த்து. பச்சைச் சாய்சதுரங்கள் கோர்த்தது போல ஓடினால் அது தேசிய நெடுநடைப் பாதை. வயலுக்குக் குறுக்கே, மாட்டுப்பட்டிக்குப் பக்கத்தால், சில இடங்களில் ஒருவருடைய வீட்டு முற்றத்தைத் தொட்டுக்கொண்டும் அந்தக் கோடு போகிறது.

"இந்தக் காணி அரச காணியா, பிள்ளை?" என்று கேட்டேன்.

"இல்லை அப்பா. யாரோ ஒரு கமக்காரருடையது."

"அப்போ அவரிடம் கேட்டுவிட்டா போவார்கள்?"

"கேட்கத் தேவையில்லை. பச்சைக் கோடு இருந்தால் போகலாம். அவர் மறிக்க ஏலாது."

எனக்கு இது மனதில் இறங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. நம் காணி உறுதிகளில் 'வழிவாய்க்கால் உரிமை உட்பட' என்று ஒரு வரி எழுதுவோம். பின் காணிக்காரர் முன் காணியால் வந்துபோகிற உரிமை அது. அந்த இரண்டு காணிக்காரருக்கும் இடையிலான விஷயம். கையொழுங்கை மூன்றடியா நாலடியா என்று அண்ணன் தம்பி முகம் பாராமல் வழக்குப் போட்ட இடங்களில் நான் நாடா பிடித்து நின்றிருக்கிறேன். இங்கே அதே வழியுரிமை ஊர் உலகத்துக்கே இருக்கிறது. திருகோணமலையிலிருந்து போன எனக்கும் இருக்கிறது. இருபது வருடம் சனம் தடையில்லாமல் உரிமையோடு நடந்த தடம் பொதுப் பாதையாகிவிடலாம் என்பது அங்கே சட்டம். பொதுப் பாதைகளை மாவட்ட சபைகள் சட்டபூர்வமான ஒரு வரைபடத்தில் பதிந்து வைக்கின்றன. அந்தப் பதிவிலிருந்துதான் இந்தத் தாளின் பச்சைக் கோடு வருகிறது. பச்சை இல்லாமல் வெறும் கறுப்பில் காட்டிய பாதை, நடக்கும் உரிமைக்குச் சாட்சி ஆகாது என்று தாளின் குறிப்பிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். ஒரு நில அளவையாளன் எழுதியிருக்க வேண்டிய வரி. வாசித்ததும் அந்தத் தாள் மீது எனக்கு மரியாதை வந்தது.

இதெல்லாம் சும்மா கிடைத்ததில்லை. ஓர்ட்னன்ஸ் சேர்வே தொடங்கியது 1791இல், பிரெஞ்சுக்காரர் படையெடுப்பார்கள் என்ற பயத்தில், பீரங்கிப் படையின் தேவைக்காக. முதல் தாள், கென்ட் மாவட்டம், 1801இல் வெளியானது. நம் நில அளவைத் திணைக்களம் 1800 ஆகஸ்ட் 2ஆம் திகதி தொடங்கியது. கிட்டத்தட்ட ஒரே வயது. படைக்காக வரைந்த தாள் நடக்கும் உரிமையைக் காட்டுவதற்கு நூற்றைம்பது வருடத்துக்கு மேல் போயிருக்கிறது. 1932 ஏப்ரல் 24ஆம் திகதி, கிண்டர் ஸ்கௌட் என்ற மலையில் வேட்டைக்கென்று அடைத்து வைத்திருந்த நிலத்துக்குள் சில நூறு பேர் கூட்டமாக ஏறி நடந்தார்கள். பெரும்பாலும் தொழிலாளர் வீட்டு இளைஞர்கள். முன்னின்றவர் பென்னி ரோத்மன், அப்போது இருபது வயது. ஐந்து பேரைச் சிறையில் போட்டார்கள். 1949இல் தேசியப் பூங்காக்களுக்கும் பாதைப் பதிவுக்கும் சட்டம் வந்தது. முதல் நெடுநடைப் பாதையான பெனைன் வே, எடேல் என்ற ஊரிலிருந்து ஸ்கொட்லாந்து எல்லைக்குள் கேர்க் யெட்ஹொம் வரை 431 கிலோமீற்றர், 1965 ஏப்ரல் 24 அன்று திறந்தார்கள். அதே திகதி.

நாங்கள் நடந்தது சவுத் டவுன்ஸ் வே. வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை 160 கிலோமீற்றர். முழுவதும் நடக்க எட்டு ஒன்பது நாள் வேண்டும். மகளுக்குக் கிடைத்த லீவு மூன்று நாள்தான். அதனால் கிழக்குப் பக்கத்துக் கடைசிப் பகுதி மட்டும். டிச்லிங் பீக்கனிலிருந்து சவுதீஸ், அங்கிருந்து அல்ஃபிரிஸ்டன், பிறகு கடலோரமாக ஈஸ்ட்போர்ன். ஐம்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. சீனிச்சம்பல் வைத்த பாண், இரண்டு போத்தல் தண்ணீர், என் வேலைக்காலத்துத் திசைகாட்டி. இவ்வளவுதான் எங்கள் பொதி.

முதல் நாள் பிரைட்டனிலிருந்து பஸ்ஸில் ஏறி டிச்லிங் பீக்கனில் இறங்கினோம். உயரம் 248 மீற்றர். வரைபடத்தில் டி.கியூ. 331130 என்று ஆறு இலக்கத்தில் அந்த இடத்தைச் சொல்லிவிடலாம். டி.கியூ. என்பது அந்தப் பகுதியின் பெரிய கட்டத்துக்கான எழுத்து. முதல் மூன்று இலக்கம் கிழக்குப் பக்கமாக, அடுத்த மூன்றும் வடக்குப் பக்கமாக. இதை மகளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே நடந்தேன். சின்ன வயதில் அவளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்த நினைவு வந்தது. அரை மணித்தியாலத்தில் கடல் பக்கத்திலிருந்து மூடுபனி ஏறி வந்தது. எதிரே இருபது மீற்றர்தான் தெரிந்தது. செம்மறிகள் கத்தும் சத்தம் கேட்கிறது, ஆட்டைக் காணவில்லை.

இந்த இடத்தில்தான் வேலிக் கோட்டின் அருமை தெரிந்தது. மலை முகடு லூயிஸ் நகரை நோக்கி நேராகப் போகிறது. நம் பாதையோ பிளாக்கேப் என்ற மேட்டுக்குச் சற்று முன் வலது கைப்பக்கம், தெற்கே திரும்புகிறது. தவறவிட்டால் கால் போகிற போக்கில் லூயிஸுக்குப் போய்விடுவோம். மகள் கைத்தொலைபேசியில் ஒரு இலவசச் செயலியைத் திறந்தாள். பெயர் வேண்டாம். எங்களைக் காட்டும் நீலப் புள்ளி வெறும் பச்சை நிறத்துக்கு நடுவில் நின்றது. அதில் வேலியும் இல்லை, படலையும் இல்லை.

நான் தாளை மடித்து, நாங்கள் நிற்கிற துண்டை மட்டும் மேலே வைத்தேன். வலப்பக்கத்தில் இரண்டு வேலிகள் சந்திக்கிற ஒரு மூலை. அது கண் முன்னால் இருக்கிறது, தாளிலும் இருக்கிறது. அந்த மூலையிலிருந்து திருப்பம் வரை நூல் பிடித்துப் பார்த்தேன். இரண்டரைச் சென்ரிமீற்றர். அதாவது 625 மீற்றர். வேலை செய்த காலம் முழுக்க நான் நடந்தால் நூறு மீற்றருக்கு 132 எட்டு வைப்பேன். வயது போனதில் கொஞ்சம் குறுகியிருக்கும், ஆனாலும் பெரிய வித்தியாசம் வராது. 825 எட்டு என்று கணக்குப் போட்டு, வேலியை வலப்பக்கம் வைத்துக்கொண்டு எண்ணி நடந்தோம். எண்ணூறு தாண்டி, எண்ணூற்றுப் பத்து, எண்ணூற்றுப் பன்னிரண்டு. பனிக்குள்ளிருந்து ஒரு மரப் படலை வந்தது. தூணில் நீல அம்புக்குறி, பக்கத்தில் ஓக் மரத்துக் கொட்டையின் படம். நெடுநடைப் பாதையின் முத்திரை அது. நீல அம்பு என்றால் குதிரையும் போகலாம், மஞ்சள் அம்பு என்றால் கால்நடையாக மட்டும். மகள் படலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பதின்மூன்று எட்டுத்தான் பிழை அப்பா" என்றாள். பதின்மூன்று எட்டு என்றால் பத்து மீற்றர். தாளில் அரை மில்லிமீற்றர்கூட இல்லை.

அதற்குப் பிறகு பனி விலகியது. ஹவுஸ்டீன் பண்ணைக்குப் பக்கத்தில் பெருந்தெருவைக் கடந்து, திரும்ப ஏறி, ஐஃபோர்ட் மேட்டைத் தாண்டும்போது கிரீனிச் நெடுங்கோட்டைக் கடந்தோம். பூச்சியம் பாகை. எங்கள் வீடு 81 பாகை கிழக்கில். கோடு கீறிப் பிழைத்தவனுக்கு அந்தக் கோட்டைக் காலால் கடப்பது பெரிய விஷயம். மகளிடம் சொல்லி, அந்த இடமாக இருக்கும் என்று கணித்த இடத்தில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நடந்தேன். சவுதீஸில் வட்டக் கோபுரத் தேவாலயம் ஒன்று, ஓர் ஆறு, ஆற்றுக்கு அப்பால் ரயில் நிலையம். அன்று இரவு வீட்டுக்கே வந்து படுத்து, காலையில் திரும்பவும் ரயிலில் அதே இடத்துக்குப் போனோம்.

இரண்டாம் நாளில் சொல்ல வேண்டியது ஃபேர்ள் பீக்கன். 217 மீற்றர். தாளில் ஒரு சின்ன முக்கோணம் போட்டிருக்கும். மேலே போனால் இடுப்புக்கு மேல் உயரமாக ஒரு கொங்கிறீற் தூண், அடி அகன்று நுனி ஒடுங்கியது. 1936இல் தொடங்கிய மறு முக்கோண அளவைக்காக நாடு முழுவதும் ஆறாயிரத்து ஐந்நூறு அளவில் கட்டியவற்றில் ஒன்று. வடிவமைத்தவர் மார்ட்டின் ஹொட்டீன். உச்சியில் பித்தளைப் பொருத்தி, அதில் மூன்று பள்ளம். கோணம் அளக்கும் கருவியான தியோடலைட்டின் மூன்று கால்களும் அந்தப் பள்ளங்களில் போய் உட்கார்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் மையம் பார்த்துப் பார்த்துக் கண் நோக வேண்டியதில்லை. என் சுட்டுவிரலை ஒரு பள்ளத்தில் வைத்தேன். மழை நீர் கொஞ்சம் தேங்கி, குளிர்ந்திருந்தது. கொட்டியாரக் குடாவைப் பார்த்த ஒரு மேட்டில், கொதிக்கும் வெயிலில், குடையைப் பிடித்துக்கொண்டு கருவிக்குப் பக்கத்தில் நின்ற என் உதவியாளர்கள் எல்லோரும் நினைவுக்கு வந்தார்கள். இப்போது செய்மதி அளவை வந்துவிட்டது, அந்தத் தூண்களுக்கு வேலை இல்லை. ஆனாலும் இடிக்கவில்லை, தாளிலிருந்தும் எடுக்கவில்லை. அந்த முகட்டில் பழங்கால மண்மேட்டுச் சமாதிகள் நிறைய இருக்கின்றன. அவற்றின் பெயரைத் தாளில் பழைய கோதிக் எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். எழுத்தின் வடிவத்தைப் பார்த்தே காலம் தெரிந்துகொள்ளலாம்.

அல்ஃபிரிஸ்டனுக்கு இறங்குவதற்கு முன் பெருவழியை விட்டு ஒரு கிளைப்பாதையில் போய்ப் பார்த்தோம். தாளில் குட்டைப் பச்சைக் கோடு ஒரு வயலை மூலைக்கு மூலை வெட்டிக்கொண்டு போகிறது. வயலை உழுதிருந்தார்கள். சரி, பாதை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். படலையைத் திறந்தால், உழுத மண்ணுக்கு நடுவே ஒரு மீற்றர் அகலத்தில் மண்ணை அமர்த்தி, எதிர் மூலை வரை நேர்கோடாக வழி விட்டிருக்கிறது. வயலைக் குறுக்கறுக்கும் நடைபாதையை உழலாம், ஆனால் பதினாலு நாளுக்குள் திரும்ப அமைத்துக் கொடுக்க வேண்டும், குறைந்தது ஒரு மீற்றர் அகலம் என்பது சட்டமாம். என்னிடம் நாடா இல்லை. சப்பாத்தால் அளந்தேன். ஒரு மீற்றருக்குக் கூடவே இருந்தது.

அந்த உழுத வயலுக்கு நடுவில் நின்றபோது சம்பூர்தான் நினைவுக்கு வந்தது. சனம் திரும்பி வந்து குடியேறிய காலத்தில் காணி அடையாளம் காட்டப் போயிருந்தேன். பற்றை மூடிக் கிடந்தது. எல்லைக்கற்களைத் தேடி எடுத்தோம். பிளான் இருந்தது, உறுதி இருந்தது, ஒவ்வொருவருக்கும் அவரவர் காணி எங்கே என்று காட்ட முடிந்தது. ஒரு அம்மா வந்து, "ஐயா, கிணத்தடிக்குப் போற ஒழுங்கை எதில இருந்தது?" என்று கேட்டார். என் தாளில் அது இல்லை. சனம் நடந்து நடந்து உண்டான ஒழுங்கை, யாரும் வரையவில்லை. நடக்க ஆளில்லாமல் போனதும் அதுவும் போய்விட்டது. அன்றைக்கு நான் அவருக்கு ஒரு பதிலும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் கடலோரம். செவன் சிஸ்டர்ஸ் என்ற வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகள். கோணேசர் மலையின் செங்குத்தில் நின்று கடலைப் பார்த்து வளர்ந்தவன் நான். இராவணன் வெட்டின் கருமையும் கீழே அடிக்கும் அலையும் உடம்பில் ஊறியவை. அதனால் உயரம் என்னை அசைக்கவில்லை, நிறம்தான் அசைத்தது. கடலில் இறங்கும் மலை அவ்வளவு வெள்ளையாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. ஏற்றமும் இறக்கமும் முழங்காலைப் பதம் பார்க்கும். ஐந்து மீற்றருக்கு ஒரு சமவுயரக் கோடு என்பதால், மேற்கிலிருந்து வந்தால் முதல் மேடான ஹேவன் ப்ரோதான் எல்லாவற்றிலும் உயரம் என்பது தாளிலேயே தெரிகிறது. அதை ஏறி முடித்ததும் மகளிடம் சொன்னேன், இனி இதைவிடப் பெரியது பேர்லிங் கப் வரை இல்லை என்று. அந்த ஒரு தகவலில் அவள் மீதி மேடுகளையும் நடந்தாள்.

கடல் விளிம்பில் மட்டும் எந்தத் தாளையும் நம்பி நடக்காதீர்கள். சுண்ணாம்புப் பாறை அரித்துக்கொண்டே இருக்கிறது. பெல் டூட் வெளிச்சவீட்டை 1999இல் அப்படியே தூக்கி 17 மீற்றர் உள்ளே நகர்த்தி வைத்திருக்கிறார்கள். அச்சிட்ட கோடு அச்சிட்ட நாளுக்கு உரியது. விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி நடக்க வேண்டும். பீச்சி ஹெட் 162 மீற்றர் உயரம், பிள்ளைகளோடு போகிறவர்கள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். சாதாரணப் பதிப்பு காகிதம்தான், மழைக்குத் தாங்காது. பிளாஸ்டிக் பூச்சுப் போட்ட பதிப்பு தனியாக இருக்கிறது, விலை கூட. மழை நாட்டில் நடக்கப் போகிறவர் அதையே வாங்குவது நல்லது. இல்லையென்றால் கண்ணாடிப் பையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிடலாம். விரித்தால் சாப்பாட்டு மேசையை மூடிவிடும், காற்றில் விரிக்கவே முடியாது. நடக்கப் போகிற பகுதி வெளியே தெரியும்படி வீட்டிலேயே மடித்துக்கொண்டு போக வேண்டும். தண்ணீர்க் குழாய்களை இதைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று இருக்காதீர்கள். சவுத் டவுன்ஸ் வேயில் அங்கங்கே குழாய்கள் இருக்கின்றன, அவற்றை முதலே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு மலை மேல் ஓடை கிடையாது, பெய்த மழை எல்லாம் கீழே இறங்கிவிடும்.

அட்டையின் உள்பக்கத்தில் சுரண்டினால் ஓர் இரகசிய எண் வரும். அதை வைத்து அதே தாளைக் கைத்தொலைபேசியிலும் இறக்கிக்கொள்ளலாம். மூன்றாம் நாள் அது எங்களுக்கு உதவியது. அந்த இலவசச் செயலி லிட்லிங்டன் பக்கத்தில் ஒரு குறுக்கு வழி காட்டியது. போய்ப் பார்த்தால் பூட்டிய படலை, 'தனியார் காணி' என்ற பலகை. எக்ஸ்புளோரரில் அந்த இடத்தில் கறுப்புக் கோடு மட்டும்தான் இருந்தது, பச்சை இல்லை. திரும்பி நடந்தோம். அரை மணித்தியாலம் போனது. தாளை முதலில் பார்த்திருந்தால் போயிருக்காது. நான் காகிதத்தையே கையில் வைத்திருந்தேன், மகள் தொலைபேசியில் பார்த்தாள். இரண்டும் சேர்ந்ததுதான் சரி.

பிரித்தானியா முழுவதையும் 403 எக்ஸ்புளோரர் தாள்கள் மூடுகின்றன. லண்டனிலும் பேர்மிங்காமிலும் பிள்ளைகள் இருக்கிற பெற்றோர் திருகோணமலையில் எத்தனையோ பேர். போனால் ஆறு மாதம் வீட்டுக்குள் ரிவி பார்த்துவிட்டு, குளிர் என்று சொல்லித் திரும்பி வருகிறார்கள். அவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். பிள்ளை இருக்கிற ஊரின் தாளை வாங்கித் தரச் சொல்லுங்கள். வீட்டைக் கண்டுபிடியுங்கள், அதிலிருந்து மிகக் கிட்ட இருக்கிற பச்சைக் கோட்டைக் கண்டுபிடியுங்கள். பெரும்பாலான ஊர்களில் ஏதாவது ஒன்று இருக்கும். படலையைத் திறந்தால் திரும்ப மூட மறக்க வேண்டாம், ஆடு மாடு வெளியே போய்விடும். கன்றோடு நிற்கிற பசுவைச் சுற்றிப் போங்கள். யாரும் உங்களை மறித்து, எங்கே போகிறாய், அடையாள அட்டை எங்கே என்று கேட்க மாட்டார்கள். நம் ஊரில் சோதனைச் சாவடிகளுக்கு நடுவில் முப்பது வருடம் நடந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. முதல் நாள் ஒவ்வொரு படலையிலும் என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. மூன்றாம் நாள் போகவில்லை.

தாள் இரண்டும் இப்போது உவர்மலை வீட்டில் என் மேசையில் இருக்கின்றன. வந்து ஒரு கிழமைக்குள் திணைக்களத்தின் பழைய ஓர் அங்குலத் தாள்களை எடுத்து அதே மேசையில் விரித்தேன், ஒரு பச்சைப் பென்சிலும் வாங்கினேன். நமக்கும் ஒரு நெடுநடைப் பாதை இருக்கிறதே. செல்வச்சந்நிதியில் வெளிக்கிட்டு, வற்றாப்பளை, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, பொத்துவில், உகந்தை என்று ஒன்றரை மாதம் நடந்து கதிர்காமம் போகிற பாதயாத்திரை வழி. பெனைன் வேயைவிட நீளம், வயதும் கூட. அதை எந்தத் தாளிலும் பச்சையில் பார்த்ததில்லை.

எங்கள் பெரியம்மாவுக்கு எண்பத்தாறு வயது. இளம் வயதில் இரண்டு முறை அந்த வழியால் நடந்து போனவர். பின்னேரங்களில் அவரைப் பக்கத்தில் இருத்தி, திருகோணமலையிலிருந்து தெற்கே வழியைக் கேட்டுக் கேட்டுக் கீறுகிறேன். கிண்ணியாத் துறை எல்லோருக்கும் தெரியும். அப்போது அதைப் 'பாதை'யில்தான் கடக்க வேண்டும். கிழக்கில் வண்டிகளை ஏற்றிக் கடத்தும் மிதவைக்கும் பாதை என்றுதான் பெயர். அதற்கு அப்பால் மூதூர், பிறகு சில இடங்கள் அவர் வாயில் கோயில் பெயராகவும் குளத்தின் பெயராகவும் வருகின்றன. அவற்றை ஒவ்வொன்றாகத் தாளில் தேடி எடுக்கிறேன். வெருகலுக்கு முன் ஓரிடத்தில் மட்டும் நின்றுவிட்டோம்.

"அதில ரெண்டாப் பிரியும் தம்பி. ஒரு பெரிய புளியமரம் நிண்டது. அதுக்குக் கீழதான் சமைச்சுச் சாப்பிட்டனாங்கள்."

"புளியமரத்துக்கு எந்தக் கைப்பக்கம் போனீங்கள் பெரியம்மா?"

கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிப் பார்த்தார். எந்தக் கை என்று அவருக்குப் பிடிபடவில்லை. அந்த இடத்தில் பச்சைக் கோட்டை நிறுத்தி ஒரு சின்ன வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். வைகாசியில் யாத்திரைக்காரர் இந்தப் பக்கம் வருவார்கள். அவர்கள் பின்னால் ஒரு ஓட்டோவில் பெரியம்மாவையும் ஏற்றிக்கொண்டு அந்த இடம் வரை போய்ப் பார்ப்பதாக இருக்கிறோம். மரம் நின்றால் அவருக்குத் தெரியும்.